கிழிக்காத பெட்டி

பிரேக் ஷூ கம்பெனிக்கு எங்கள் வட்டாரத்தைப் பார்க்கிற ஏரியாக்காரர் வந்ததும் வராததுமாகச் சண்டையை ஆரம்பித்தார் என்று சொன்னால் அது பொய். மழைக்கோட்டைக் கழற்றி உதறினார். தண்ணீர் குடித்தார், டீ குடித்தார். அண்ணி தட்டில் வைத்துக் கொடுத்த அவித்த முட்டையை உப்பும் மிளகுத்தூளும் தொட்டு முழுசாகத் தின்றார். கையைத் துடைத்த பிறகுதான், "நீங்க திருட்டுத்தனமா வெளியூருக்கு விக்கிறீங்கன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். அந்த முட்டையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் பக்கத்துக் கடைத் தையல்காரன். என் கடைக்கும் பிரேக்கண்ணன் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே ஸ்பேனர் கீழே விழுந்தால் இங்கே என் மெஷின் மேல் இருக்கிற குண்டூசி டப்பா குலுங்கும். அவர் வீடு கடைக்குப் பின்னாலேயே. அடுப்படியில் அவர் மனைவி, எனக்கு அண்ணி, வெங்காயம் வதக்கினால் எனக்குத்தான் முதலில் பசிக்கும். அதனால் இந்த விஷயத்தில் யாரோ சொல்லி நான் கேட்டது என்று எதுவும் இல்லை.

பிரேக்கண்ணன் என்பது தெரு வைத்த பெயர். இருசக்கர வண்டிச் சாமான் எல்லாம் விற்பார், ஆனால் சக்கரத்துக்குள் அழுத்தி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூதான் அவர் உயிர். விற்று விட்டுச் சும்மா இருக்க மாட்டார். வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மில் இருக்கிற கரித்தூளை ஈரத்துணியால் துடைத்து, புது ஷூவின் முகத்தில் உப்புத்தாளை இரண்டு தேய்ப்புத் தேய்த்து, தன் கையாலேயே மாட்டுவார். பிறகு வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து வந்துதான் சாவியைக் கொடுப்பார். "நின்னாத்தான் வண்டி, ஓடுறது எல்லாம் ஓடும்" என்பார். மழைக்காலத்தில் அவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. தெருவில் போகிற வண்டி ஒன்று கிறீச்சென்றால் போதும், கையில் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்து, "யாருப்பா அது, நாளைக்குக் காலையில வா" என்று கத்துவார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஷூவை மாட்டியதும் காலிப் பெட்டியை வாங்கியவன் எடுத்துப் போக மாட்டான், அவனுக்கு எதற்கு அது. அண்ணன் அதை மூடி, திரும்பவும் மேல் தட்டில் மற்றப் பெட்டிகளோடு அடுக்கி விடுவார். கடையில் சரக்குக் கொஞ்சமாக இருந்தாலும் பார்ப்பவனுக்குக் கூரை வரைக்கும் பெட்டி தெரியும். "வெறும் தட்டு இருக்கிற கடையில எவன்டா கால வைப்பான்?" என்பார். தட்டு நிறைந்து வழிந்தால் அண்ணி ஒரு கூடை நிறைய அள்ளிப் பின்னால் கொண்டு போய் வைப்பாள். அவள் கை சுத்தம். ஒரு பெட்டி நசுங்கியிருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் சந்தையில் போலிச் சாமான் பெருகிப் போய், கம்பெனி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கியூஆர் கட்டம் அச்சடிக்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே ஒரு வெள்ளிப் பட்டை. வாங்குபவன் பட்டையைச் சுரண்டிவிட்டு, போன் கேமராவைக் கட்டத்துக்கு நேரே காட்டினால் பச்சை டிக் வரும். 'அசல்' என்று எழுத்து வரும். அதற்குக் கீழே எந்தக் கடைக்கு அந்தப் பெட்டி அனுப்பப்பட்டது என்று கடைப்பெயரும் வரும். இதைச் சொல்லிக்கொடுக்க எல்லாக் கடைக்காரர்களையும் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, படம் போட்டுக் காட்டி, சாப்பாடும் போட்டார்கள். அண்ணன் திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னதை நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டேன். பொரித்த மீனைப் பற்றிச் சொன்னார். ஐஸ்கிரீம் இரண்டு தடவை வாங்கலாம் என்றார். ஏசிக் குளிரில் கால் விறைத்துப் போனதைச் சொன்னார். கட்டத்தைப் பற்றி ஏதோ ஒரு வரி சொன்னார், அவ்வளவுதான்.

இங்கே யாரும் அந்தப் பட்டையைச் சுரண்டியதே இல்லை. அண்ணன் கையால் மாட்டும்போது சுரண்டி வேறு பார்க்க வேண்டுமா என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இப்போது முட்டைக்கு வருகிறேன்.

"வெளியூருக்கா? நானா?" என்றார் அண்ணன். குரல் இன்னும் ஏறவில்லை.

"துறைமுகத்து ஊர்ல முப்பத்தெட்டுப் பெட்டியச் சுரண்டியிருக்காங்க. முப்பத்தெட்டுலயும் உங்க கடைப் பேரு. அது உங்க ஏரியா இல்ல. அங்க வேற டீலர் இருக்கார், அவர் சும்மா இருப்பாரா?"

"அந்த ஊருக்கு நான் போயி எட்டு வருஷம் ஆச்சு. அதுவும் ஒரு சாவுக்கு."

"நீங்க போக வேணாமே. சரக்கு போனாப் போதும்."

"யோவ், ஒரு பிரேக் ஷூவ நான் வெறும் கையில குடுத்தது கிடையாது. இந்த வாசல்ல உக்காந்து மாட்டித்தான் அனுப்புவேன். வெளியூருக்கு எப்படிய்யா மாட்டி அனுப்புறது? பார்சல்ல நானும் சேந்து போறதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏரியாக்காரருக்கு வரவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். "நான் சொல்லலண்ணே, சிஸ்டம் சொல்லுது."

அந்தச் சொல்லில்தான் அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "உன் சிஸ்டத்துக்கு வாயிருக்கா? கூப்பிடு இங்க. முப்பது வருஷமா இந்த முக்காலியில உக்காந்திருக்கேன். நேத்து முளைச்ச கட்டம், அது என்னைத் திருடன்னு சொல்லுது, நீ அதத் தூக்கிட்டு மழையில வந்துட்ட."

"கோபப்பட்டு ஒண்ணும் ஆகாது. விசாரணை முடியிற வரைக்கும் சரக்கு வராது" என்று சொல்லிவிட்டு அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். போகும்போது, "முட்டைக்கு நன்றிங்க" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். நானாக இருந்தால் கக்க வைத்திருப்பேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது கத்துகிற நேரமாகி விட்டது. பருப்புச் சோற்றைப் பிசைந்தபடியே அண்ணன் கம்பெனியைப் பிடித்துக் கிழிப்பார். "இனிமே இந்தப் பட்டையப் பாத்துத்தான் என் யோக்கியதய முடிவு பண்ணுவானுங்களா?" என்பார். "முதல்ல சாப்பிடுங்க, சோறு ஆறுது" என்பாள் அண்ணி. பிறகு அவளும் சேர்ந்துகொள்வாள். உண்மையைச் சொன்னால் அவள் வாய்தான் அவரைவிடக் காரம். "வந்தவன் தட்ட நக்கிட்டுல்ல போனான், அப்பத் தெரியலையா நாம திருடங்கன்னு?" என்பாள். சரக்கு நின்றதால் இருக்கிற பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. மேல் தட்டு மட்டும் எப்போதும்போல நிறைந்திருந்தது.

அந்த வாரமும் வழக்கம்போல பேசின்காரன் வந்தான். அவனைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வருஷமாக வியாழன்தோறும் காலை பதினொரு மணிக்கு, மூன்று சக்கர வண்டி நிறைய பிளாஸ்டிக் பேசின், வாளி, கூடை என்று அடுக்கிக்கொண்டு தெருவில் வருவான். பழைய சாமானைப் போட்டால் பிளாஸ்டிக் கொடுப்பான். அண்ணி காலிப் பெட்டிகளை அவனிடம்தான் போடுவாள். நசுக்காமல், கிழியாமல் கொடுத்தால் பெரிய பேசின். கொஞ்சம் ஒடுங்கியிருந்தாலும் தள்ளி விடுவான். அந்த வீட்டில் பதினோரு பேசின் சேர்ந்திருந்தது. துணி ஊற ஒன்று, அரிசி களைய ஒன்று, கூரை ஒழுகுகிற இடத்தில் ஒன்று. ஒரு பெரிய நீலப் பேசினில் அண்ணன் குளித்தே விடுவார், எதைப் போட்டு வாங்கினாள் என்று மட்டும் கேட்டதில்லை.

எனக்கு அதைப் பார்த்து ஆசை வந்தது. என் நூல்கண்டுப் பெட்டிகள் இன்னும் கெட்டியான அட்டை. ஒரு நாள் முப்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இது வேணாம்ண்ணே. அந்தப் பெட்டின்னா குடுங்க."

"அட்டைன்னா அட்டைதானய்யா. அவங்க அட்டை மட்டும் என்ன தங்கமா?"

"மேல கேக்குறது அதத்தான். நான் என்ன பண்றது?"

அண்ணி வாசலில் நின்று சிரித்தாள். "பொறாமப்படாதீங்க தம்பி. ஒரு பேசினு நான் தரேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே கேட்கிறது யார், எதற்குக் கேட்கிறான் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்? தெருவில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறவன், அன்றைக்குப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து விட்டேன்.

மழை விடவில்லை. பத்து நாள் கழித்துத் தபால்காரர் விழுந்த செய்தி வந்தது.

தபால்காரர் எங்கள் ஆள். வீடு மூன்று தெரு தள்ளி. இருபது வருஷம் இந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டு வந்தவர், போன வருஷம் துறைமுகத்து ஊருக்கு மாற்றலாகிப் போனார். வாரம் முழுக்க அங்கே தங்கி, லீவுக்கு இங்கே வருவார். அங்கே ஒரு இறக்கத்தில், மழையில், பையில் கடிதத்தோடு ஸ்கூட்டரில் வந்தவருக்கு பிரேக் பிடிக்கவில்லை. நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் போய் மோதினார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முகத்தில் பதினாறு தையல். ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், பிரேக் ஷூவின் மேல் தகடு ஒட்டு விட்டு முழுசாகக் கழன்று வந்திருப்பதைக் காட்டினாராம். அவர் மகன் அதையும் அது வந்த பெட்டியையும் கம்பெனிக்கே கொண்டு போய்ச் சண்டை போட்டிருக்கிறான்.

அடுத்த வாரம் ஏரியாக்காரர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை யாரும் டீ கொடுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். உள்ளே அந்த ஷூவும் அதன் பெட்டியும்.

அண்ணன் ஷூவை எடுத்துப் பார்த்தார். நகத்தால் ஒட்டின இடத்தைக் கீறினார். மூக்குக்குக் கிட்டே கொண்டு போய் முகர்ந்தார். "இது உங்க சாமானே இல்ல. பசைய பாரு, செருப்புக்கு ஒட்டுறது. எந்தப் படுபாவி பண்ணான் இத?"

"அதத்தான் நாங்க உங்ககிட்ட கேக்குறோம். ஷூ போலி. பெட்டி அசல். பெட்டி உங்களுக்கு அனுப்பின பெட்டி."

நான் தைப்பதை விட்டு விட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். மழைக்கு ஒதுங்கின நாலு பேரும் நின்றார்கள்.

"அப்ப நான்தான் போலியப் போட்டு வித்தேன்னு சொல்ற?"

"நான் எதுவும் சொல்லல. பெட்டி இங்கேருந்துதானே போயிருக்கணும்?"

"என் பெட்டி எங்கயும் போகாது!" அண்ணன் மேஜையைத் தட்டினதில் நட்டு டப்பா கவிழ்ந்தது. "நான் வித்த ஒவ்வொரு ஷூவோட பெட்டியும் இங்கதான்யா இருக்கு. மேல பாரு. மேல இல்லாதது பின்னால இருக்கு. ஒண்ணு விடாம எடுத்துப் போடுறேன். உன் போனுல இருக்கிற முப்பத்தெட்டு பெட்டி நம்பரையும் படி. என் பெட்டி என் வீட்ல இருந்தா, உன் கட்டம் பொய்யின்னு ஒத்துக்கிட்டுக் கால்ல விழணும். விழுவியா?"

அவர் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. நிரூபிக்க ஒரு வழி கிடைத்து விட்டதே. பின்பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்தக் காலிப் பெட்டி எல்லாத்தையும் கொண்டா! எல்லாத்தையும்!" என்று கத்தினார்.

அண்ணி வந்தாள். கையில் ஈரம். "எந்தப் பெட்டி?"

"அதான், நீ பின்னால அடுக்குவியே. ஒரு வருஷத்துப் பெட்டி."

"அது எங்க இருக்கு? அதத்தான் பேசினுக்குப் போட்டாச்சே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள், ஏரியாக்காரர் முகத்தைப் பார்த்தாள், மேஜை மேல் உறைக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள். கூரை ஒழுகுகிற இடத்தில் பேசினுக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

ஏரியாக்காரர்தான் முதலில் பேசினார். "சுரண்டாத பெட்டியா?"

"நசுங்காதது, கிழியாதது வேணும்னான்" என்றாள் அண்ணி. "அதுக்குத்தான் பெரிசு குடுத்தான்."

"வித்ததும் கட்டத்துக்குக் குறுக்கே கிழிச்சுப் போடணும்னு கூட்டத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னோமே அண்ணே!"

அண்ணன் உள்ளே போனார். அரிசி களைகிற பேசினை எடுத்தார், அரிசியோடு தெருவில் வீசினார். துணிப் பேசினை வீசினார். வாளி, கூடை, கையில் கிடைத்ததெல்லாம் மழைக்குள் பறந்தது. "பேசினு! பேசினுக்கு என் பேர வித்துட்டியேடி! ஒருத்தன் காலு போச்சு! உனக்குப் பேசினு!"

அண்ணி அதுவரை சுவரோடு ஒட்டி நின்றவள், நீலப் பேசினை அவர் தூக்கியபோது குறுக்கே வந்து பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! கூட்டத்துக்கு யாரு போனா? நானா? வந்து என்ன சொன்னீங்க எங்கிட்ட? மீனு பொரிச்சுப் போட்டான், ஐஸ்கிரீம் ரெண்டு தடவ வாங்கினேன்னு சொன்னீங்க. பெட்டியக் கிழின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? கிழிக்க வேண்டிய நீங்க ஏணி போட்டு மேல அடுக்குனீங்க, கடை நிறைஞ்சு தெரியணும்னு. நிறைஞ்சு வழிஞ்சத நான் எங்க வைப்பேன், தலையிலயா? நான் தெரியாமச் செஞ்சேன். தெரிஞ்சிருந்தும் செய்யாதது யாரு?"

அண்ணன் பேசினை விட்டார்.

ஏரியாக்காரர் தொண்டையைக் கனைத்தார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையாகப் பேசினார். எனக்கு அவர் குற்றம் சாட்டின குரலே மேல் என்று பட்டது.

"இங்க பாருங்கண்ணே. நடந்தது நடந்துபோச்சு. இதப் பெரிசாக்க வேணாம். ஏரியா தாண்டி வித்தேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுங்க. ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க, அப்புறம் திரும்பச் சரக்கு வரும். போலி கீலின்னு எதுவும் அதுல வராது. உங்க பேருக்கும் ஒண்ணும் இல்ல."

"நான் விக்கலையே" என்றார் அண்ணன்.

"ஒரு பேச்சுக்குத்தான்."

அண்ணி கேட்டாள்: "தம்பி, அந்தாளு எங்கிட்ட வாங்கினது முப்பத்தெட்டு இல்ல. நானூறாவது இருக்கும். மத்தது எங்க?"

"வெளிய எங்கயாவது இருக்கும்."

"அதுக்குள்ளயும் இந்த மாதிரி செருப்புப் பசைதான் இருக்குமா?"

அவர் போனைப் பையில் போட்டார்.

"சுரண்டினா அதுக்கும் பச்சை காட்டுமா?"

"காட்டும்."

"அத நீங்க இப்பவே சிவப்பாக்க முடியாதா? உங்ககிட்ட மெஷின் இருக்குல்ல?"

"முடியும்ங்க. ஆனா நானூறு பெட்டி திடீர்னு சிவப்பாச்சுன்னா நாலு ஊர்ல கேள்வி வரும். பச்சைக்குள்ள போலி இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் எந்தப் பச்சைய எவன் நம்புவான்? மேல இருக்கிறவங்க அத விரும்ப மாட்டாங்க."

"இது மழைக்காலம் தம்பி" என்றாள் அண்ணி.

அவர் பேப்பரை மேஜை மேல் வைத்து, பறக்காமல் இருக்க பால்ரஸ் குண்டு இருந்த ஒரு டப்பாவை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போகலாமா என்றிருந்தது. ஒரு மனுஷன் இறக்கத்தில் வருகிறான், பிரேக்கை அழுத்துகிறான், அது பிடிக்காது என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பச்சை காட்டுவார்களாம்.

மறுநாள் மாலை மூன்று பேரும் தபால்காரர் வீட்டுக்குப் போனோம். அண்ணன் என்னை ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை, தனியாகப் போகத் தைரியம் வரவில்லை போல. வழியெல்லாம், "அவரு கேப்பாரு, நான் சொல்லிடுவேன். ஷூ என்னுது இல்ல, என்னுது இல்லன்னு முதல்ல சொல்லிடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அண்ணி ஒரு தூக்கில் சூப் எடுத்து வந்தாள்.

தபால்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் மாவுக்கட்டில். முகத்தில் ஒரு பக்கம் வீங்கி, கண் சின்னதாகியிருந்தது. அவர் மகன் எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் விட்டான், உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அண்ணன் நின்றபடியே ஆரம்பித்தார். "அந்த ஷூ என் கடையில..."

"தெரியும்ணே" என்றார் தபால்காரர். தையல் இழுத்ததால் மெதுவாகத்தான் பேசினார். "உங்க கை பட்டிருந்தா அது கழலாது. நான் வேற எவனோ மெக்கானிக்கிட்டப் போனேன். ஷூவப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம். விலை ரொம்பக் குறைச்சலா இருந்துச்சு. வேணாம்னு கிளம்பிட்டேன். அவன்தான் சுரண்டிப் பாருங்க சார்ன்னான். சுரண்டினேன். பச்சை வந்துச்சு. பச்சையாவது மண்ணாவது, இந்தக் காலத்துல எத நம்புறது? அப்பவும் வேணாம்னுதான் இருந்தேன்."

தண்ணீர் கேட்டார். அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

"அப்புறம் கீழ பாத்தேன், உங்க கடைப் பேரு. அட, நம்ம அண்ணன் கடைச் சாமானு! ஊர் விட்டு ஊர் வந்து உங்க பேரப் பாத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அந்த மெக்கானிக்கிட்ட வேற பெருமையாச் சொன்னேன், இது எங்க அண்ணன் கடை, கண்ண மூடிட்டு மாட்டுன்னு."

அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். ஷூ என்னுடையது இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் கையை வைத்துக்கொண்டார். "பெட்டிய நான் கிழிச்சிருக்கணும்" என்றார். "கிழிச்சிருக்கணும்டா." அண்ணி தூக்கை மேஜை மேல் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து கடையைத் திறந்ததும் அண்ணன் ஏணியைப் போட்டு ஏறினார். மேல் தட்டில் இருந்த காலிப் பெட்டிகளைக் கையால் வாரிக் கீழே தள்ளினார். அண்ணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள், கட்டத்துக்குக் குறுக்கே கிழித்தாள், பக்கத்தில் போட்டாள். கெட்டி அட்டை, விரல் சிவந்து விட்டது. நான் கத்தரிக்கோலைக் கொண்டு வந்து கொடுத்தேன். "வேணாம் தம்பி, கையாலயே கிழிக்கிறேன்" என்றாள். தட்டு காலியானபோதுதான் தெரிந்தது, அந்தக் கடையில் உண்மையான சரக்கு என்று ஏழு பெட்டிதான் மிச்சம் இருந்தது.

அண்ணன் கீழே இறங்கி, ஏரியாக்காரர் வைத்த பேப்பரை எடுத்து, அதையும் அண்ணியிடம் நீட்டினார். அவள் கிழித்தாள்.

"டைலரு, உங்கிட்ட வெள்ளைத் துணி இருக்கா? அகலமா."

"எதுக்குண்ணே?"

"எழுதணும்."

மூன்று துணி வெட்டினேன். ஓரம் மடித்து, கயிறு போக இரண்டு பக்கமும் குழல் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அண்ணன் கறுப்புப் பெயிண்ட்டைத் தொட்டுத் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். முதல் வரியில் கடையின் பெயரைப் பெரிதாக எழுதினார். அதற்குக் கீழே:

'இந்தப் பெயர் உங்கள் போனில் பச்சையாக வந்தால் நம்பாதீர்கள். அந்த பிரேக்கை உடனே கழற்றுங்கள். பெட்டி என்னுடையது. உள்ளே இருப்பது போலி. கிழிக்காமல் விட்டது என் தப்பு. இப்படிக்கு, கடைக்காரன்.'

ஒரு துணியை எங்கள் தெருவில் கட்டினோம். கட்டின ஒரு மணி நேரத்தில் யாரோ படம் எடுத்து அனுப்பி, அது எங்கெங்கோ போய், ஏரியாக்காரரின் போன் வந்து விட்டது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உடனே அவுத்துடுங்க. மேல கொதிக்கிறாங்க. ஏஜென்சி இனிமே உங்களுக்கு இல்லன்னு சொல்லச் சொல்லிட்டாங்க. கேஸும் போடுவாங்களாம்."

"நானூறையும் சிவப்பாக்கு. அவுத்துடுறேன்."

"அது என் கையில இல்லண்ணே."

"அவுக்கிறது என் கையில இருக்கு" என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார். வைத்த பிறகும் அந்தப் போனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை மிச்சம் இரண்டு துணியோடு அவர்கள் துறைமுகத்து ஊருக்குக் கிளம்பினார்கள். மெக்கானிக் தெருவில் ஒன்று, அந்த இறக்கத்தில் ஒன்று கட்டுவதாக ஏற்பாடு. நல்ல மழை. பெயிண்ட் நனையாமல் இருக்க அண்ணி துணிகளைச் சுருட்டி நீலப் பேசினுக்குள் வைத்து, மேலே இன்னொரு பேசினைக் கவிழ்த்து மூடி, மடியில் வைத்துப் போகக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கடைய யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டேன்.

"அந்த ஏழு பெட்டிதானே இருக்கு" என்றார் அண்ணன். "யாராவது வந்து கேட்டா, மாட்ட ஆள் வரட்டும், காத்திருன்னு சொல்லு. தப்பித்தவறி சுரண்டாம விடாத. பச்சை வந்தாலும் சரி, என் பேரு வந்தாலும் சரி, ஷூவ எடுத்து மோந்து பாக்கச் சொல்லு."

வண்டியைத் தெருமுனை வரைக்கும் தனியாக ஓட்டிப் போய், பிரேக்கை அழுத்தி நிறுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, அண்ணியை ஏற்றிக்கொண்டார்.